உப்பில்லாச் சோறு

ஐப்பசி மழைக்கு வானம் கட்டி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நிலக்கோட்டைக்குத் தெற்கே பூக்காட்டுப் பாதையில் ஒரு வெள்ளைக் கார் யாரிடமும் வழி கேட்காமல் வந்தது. அந்தப் பாதைக்குப் புதியவர்கள் யாராக இருந்தாலும் வாய்க்கால் பாலத்தில் ஒரு முறையாவது நின்று கேட்டாக வேண்டும். இந்தக் கார் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி, மோட்டார் ரூம் பக்கம் திரும்பி, சோலைமலை வீட்டுப் பச்சைக் கேட்டின் முன்னால் வந்து ஓய்ந்தது.

சோலைமலை கூடத்து ஊஞ்சலில் இருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். பெரிய வீட்டுக்காரர் என்றுதான் ஊர் அவரைச் சொல்லும். கோயில் பரிவட்டம் முதலில் அந்த வீட்டுக்குத்தான். கல்யாணப் பேச்சு எங்கே நடந்தாலும் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தாம்பூலத் தட்டு வெளியே வரும். அந்த மரியாதையில் ஒரு கீறல் விழக்கூடாது என்பதே அவர் வாழ்க்கை.

காரிலிருந்து இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். மூவரும் ஒரே மாதிரி கறுப்பு டீசர்ட் போட்டிருந்தார்கள். முதுகில் அவரவர் பெயர். ஏதோ நன்கொடை கேட்டு வந்த கூட்டம் என்று நினைத்து அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க ஐயா, மதி வீடு இதுதானுங்களே?" என்றான் முன்னால் நின்றவன்.

சோலைமலையின் கை கதவு நிலையைப் பிடித்தது.

ஒரு வருடமாக அந்தப் பெயர் அந்த வீட்டில் பேசப்பட்டதில்லை. பேசக்கூடாது என்பது அவர் உத்தரவு. இப்போது முன்பின் தெரியாத ஒருத்தன் தெருவில் நின்று, எதிர்வீட்டுக்காரர் காதில் விழும்படி கேட்கிறான். வெளியே வைத்துப் பேசினால் ஊர் முழுக்கச் செய்தியாகிவிடும். வீடு தேடி வந்தவர்களை வாசலோடு அனுப்புவதும் அந்த வீட்டு வழக்கமில்லை.

"உள்ள வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார்.

மனைவி புவனேஸ்வரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் தங்களைச் சொன்னார்கள். முதலில் கேட்டவன் பாண்டியராஜ், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரி புக்கிங் பார்க்கிறவன். அடுத்தவன் மன்சூர், திண்டுக்கல் பேகம்பூரில் அவன் அத்தாவுக்குத் தோல் வியாபாரம். பெண் தீபா, கரூரில் ஒரு கம்பெனியில் வேலை. நாலு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து போனில் சண்டை விளையாட்டு ஆடுகிற கூட்டாளிகள். அந்த நாலாவது ஆள் மதி. இரண்டு வருடமாக ராத்திரிதோறும் பேசிப் பேசி ஆடியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லையாம். இன்று திண்டுக்கல்லில் எல்லாரும் நேரில் சந்திப்பது என்று முடிவு செய்து, காலையில்தான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டார்களாம்.

"மைக்குல இவன் போடுற சத்தத்துக்கு ஆறடி ஆளுன்னு நெனச்சேன்" என்று மன்சூரைக் காட்டிச் சிரித்தாள் தீபா. "பஸ் ஸ்டாண்டுல என் தோளுக்கு நிக்கிறான்."

"துப்பாக்கிக்கு உயரம் எதுக்கு?" என்றான் மன்சூர்.

மதிக்கு வெளியே வர வீட்டில் அனுமதி இல்லை என்றதால், அவளே எல்லாரையும் இங்கே வரச் சொல்லிவிட்டாள் என்றும், அவளுக்கும் ஒரு டீசர்ட் அடித்துக் கொண்டுவந்திருப்பதாகவும் சொல்லி, பாலிதீன் பையிலிருந்து எடுத்து ஊஞ்சல் மேல் வைத்தார்கள். முதுகில் வெள்ளை எழுத்தில் 'மதி'.

சோலைமலை அதைப் பார்க்கவில்லை. சுவரைக் காட்டினார்.

சுவரில் தமிழ்மதியின் படம் மாட்டியிருந்தது. படத்தைச் சுற்றிச் சந்தன மாலை. மேலே சிவப்புக் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"எம் மக செத்துப் போயிட்டா. போன வருசம் ஐப்பசியில."

மூவரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீபாதான் மெல்லச் சொன்னாள்.

"வழியெல்லாம் அவதான் சார் எங்களுக்கு வழி சொல்லிக்கிட்டு வந்தா. பாலம், மோட்டார் ரூம், பச்சைக் கேட்டுன்னு. எங்க அப்பா வெள்ளைச் சட்டை போட்டு ஊஞ்சல்ல இருப்பாருன்னு இப்பத்தான் சொன்னா."

சோலைமலைக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தமிழ்மதி சாகவில்லை. வேறு சாதிப் பையன் ஞானராஜுடன் வீட்டைவிட்டுப் போய், கல்யாணம் செய்துகொண்டு, திருப்பூரில் குடியிருக்கிறாள். அங்கேயிருந்து இந்தப் பிள்ளைகளை ஏவிவிட்டு, தன்னை அவமானப்படுத்துகிறாள். அப்படித்தான் அவர் நினைத்தார். நினைத்ததும் நெஞ்சில் ஏதோ அடைத்து இருமல் வந்தது. குனிந்து இருமினார்.

இருமல் நின்றபோது மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த இருமல்" என்றான் மன்சூர். "இது எங்களுக்குத் தெரியும் ஐயா. மதி மைக்கப் போட்டா பின்னாடி இதான் கேக்கும். ஒரு வருசமா கேக்குறோம்."

"திருப்பூர்ல என் இருமல் எப்புடிக் கேக்கும்?" என்று அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

யாருக்கும் அது விளங்கவில்லை. தீபா தயங்கித் தயங்கி வேறொன்று சொன்னாள். "விடியக்காலையில பூ எடுக்க ஆள் வர்றதுக்கு முன்னாடி, எங்க அப்பா என் ரூம் கதவுல கை வச்சு நின்னு அழுவாருன்னும் சொல்லுவா."

சமையல்கட்டு வாசலில் நின்ற புவனேஸ்வரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அது அவளுக்கும் தெரியாது. உலகத்தில் ஒரு உயிருக்கும் தெரியாது. பெற்ற மகளைத் தலைமுழுகிய சோலைமலை, இருட்டு பிரிவதற்கு முன் எழுந்து, பூட்டிய கதவில் கையை வைத்து, சத்தம் வராமல் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை அந்தக் கதவு மட்டுந்தான் அறியும்.

கதவும், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்ததும்.

முதல் இடி தூரத்தில் உருண்டது. குண்டு பல்பு ஒருமுறை துடித்து அணைந்தது. கரண்ட் போய்விட்டது. பட்டப்பகலில் கூடம் மங்கி, சாம்பல் நிறமாயிற்று.

"அவ முன்ன மாதிரி இல்ல ஐயா" என்றான் மன்சூர். முதல் வருடம் வாயாடிப் பெண்ணாக இருந்தாளாம். தோற்றால் எல்லாரையும் ஏசுவாளாம். நடுவில் கொஞ்ச நாள் காணாமல் போய், திரும்பி வந்தபின் சிரிப்பே இல்லை. ஆனால் தோற்கவும் இல்லை. ஆட்டத்தில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய், ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். அந்த அறைக்குள் வந்த எவனும் வெளியே போனதில்லை. மற்ற மூவரும் செத்துவிழுந்த பிறகும் அவள் மட்டும் கடைசிவரை நிற்பாள்.

"என்ன சாப்ட்டன்னு கேட்டா எப்பவும் ஒரே பதிலுங்க" என்றான் பாண்டியராஜ். "எனக்கு உப்பில்லாச் சோறுதான் வச்சாங்கம்பா. நாங்களும் சிரிச்சுக்குவோம்."

சோலைமலைக்கு வைகைக் கரை நினைவுக்கு வந்தது.

ஓடிப்போன பெண்ணைத் தலைமுழுகுகிற வீடுகள் அந்தப் பக்கத்தில் வேறும் உண்டு. தலையில் நாலு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இனி எனக்கும் அவளுக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வருவார்கள். சோலைமலைக்கு அது போதவில்லை. நிலக்கோட்டைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார். சொந்தபந்தத்தை எல்லாம் வைகைக் கரைக்குக் கூட்டிப்போய், செத்தவளுக்குச் செய்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தார். காரியம் செய்துவைக்க வந்தவர் தயங்கினார். "ஒரு முழுக்குப் போட்டாப் போதும்யா. உசுரோட இருக்கிறவ பேரைச் சொல்லிச் சோறு வைக்காதீங்க. அவ வந்து திங்க மாட்டா. வேற என்னமாச்சும் வரும்" என்றார். சோலைமலை கேட்கவில்லை. உப்புப் போடாமல் பச்சரிசி வடித்து, எள்ளைப் பிசைந்து, இலையில் வைத்தார்.

காக்கை வந்து தொட்டால்தான் சோறு போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். மரத்தில் அத்தனை காக்கை இருந்தும் ஒன்றுகூட இறங்கவில்லை. நேரம் போகப் போகச் சொந்தக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்த முணுமுணுப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, ஆற்றைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"எம் மக தமிழ்மதி, வா தாயி. அப்பா கூப்பிடுறேன். வந்து எடுத்துக்க."

மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு எல்லாரும் முழுக்குப் போடத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். தலையைத் துவட்டித் திரும்பிப் பார்த்தபோது இலை வழித்து எடுத்தாற்போல் சுத்தமாக இருந்தது. மரத்துக் காக்கைகள் ஒன்றுகூட இல்லை. காரியம் செய்தவர் சாமானைக்கூட எடுக்காமல் போய்விட்டார். சோலைமலை மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார்.

சோற்றில் உப்பில்லை என்பது ஆற்றங்கரைக்கு வந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். திருப்பூரில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

"அவ போன் எங்க ஐயா இருக்கு?" என்றாள் தீபா.

அவர் கூடத்து மூலையிலிருந்த அறையைக் காட்டினார். அது தமிழ்மதியின் அறை. அவள் போவதற்கு முன்பே அவர் பிடுங்கி வைத்த போன் அங்கே மேசை மேல் கிடக்கிறது. அவள் போன அன்று பூட்டிய பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.

"இப்பவும் லைன்லதான் இருக்கா" என்று முனகிய மன்சூர், தன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓட்டில் முதல் துளிகள் பட்டுத் தெறித்தன. எப்போதும் அந்த வீட்டில் நிறைந்திருக்கும் மல்லிகை வாசம் சட்டென்று விலகியது. அதன் இடத்தில் வேறொரு வாசம் வந்தது. ஊறவைத்த பச்சரிசியும் எள்ளும்.

"வந்துட்டீங்களா?"

அது தமிழ்மதியின் குரல். இழுத்துப் பேசுகிற அதே குரல். ஆனால் அது போனிலிருந்து வரவில்லை.

பூட்டிய அறைக்குள்ளிருந்து வந்தது.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, மன்சூர் கையிலிருந்த போன் அதையே சொன்னது. "வந்துட்டீங்களா?"



"என் சட்டை கொண்டாந்தீங்கல்ல?" என்றது அறை. பிறகு போன். "கதவுக்கு அடியில தள்ளுங்க."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே தீபா அந்த டீசர்ட்டை எடுத்துக்கொண்டு போய், கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் வைத்தாள். ஒரு ஓரத்தை மட்டும் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் வந்தாள்.

துணி மெல்ல நகர்ந்தது.

அவசரமில்லாமல், மடிப்பு மடிப்பாக, உள்ளே போய் மறைந்தது.

பாண்டியராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மன்சூரின் உதடுகள் ஏதோ துஆவை முணுமுணுத்தன. சோலைமலை நின்ற இடத்திலேயே நின்றார். விழுந்துவிடக் கூடாது, இந்தப் பிள்ளைகள் முன்னால் விழுந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது.

அப்போது புவனேஸ்வரி சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். அவள் கையில் ஒரு சின்னப் பட்டன் போன் இருந்தது. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தது. அதன் மேல் ஒட்டிய அரிசி மணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு வருடமாகத் தான் மகளோடு பேசிவருவதைக் கணவனிடம் அவள் முதல்முறையாகச் சொன்னாள். ஆற்றங்கரையில் சோறு வைத்த நாளிலிருந்து தமிழ்மதி தேய்ந்துகொண்டே வருகிறாள். காரணமில்லாமல் உடம்பு சில்லிட்டுப் போகிறது. குளிக்காமலே தலை ஈரமாகிறது. பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. முந்தாநாளிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை.

"நீங்க அவ பேரைத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. "குடுத்த வாயாலேயே திரும்பக் கூப்பிடுங்க. இல்லாட்டி எம் பிள்ள பொழைக்க மாட்டா."

அவள் எண்ணை அழுத்தினாள். மறுபக்கத்தில் ஞானராஜின் குரல் உடைந்திருந்தது. "அத்தை, மூச்சு ரொம்ப மெதுவா ஓடுது. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன். கையெல்லாம் ஐஸா இருக்கு அத்தை."

"போனை அவ காதுல வைங்க மாப்ள. அவ அய்யா பேசுவாரு."

அவள் போனை நீட்டினாள்.

சோலைமலை கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அந்தப் போனின் மறுமுனையைப் பிடித்திருப்பது அவன் கை. தன் வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோனவன். தன் வார்த்தை அவன் கைவழியாகப் போய்ச் சேருவதா? தோற்றுப்போன அப்பன் குரலை அவன் கேட்பதா? பெற்ற மனம் உள்ளே அலறியது. ஆனால் முதுகு வளையவில்லை.

அவர் போனை வாங்கவில்லை. திரும்பி, தினமும் அழுத அந்தக் கதவின் முன்னால் போய் நின்றார். கூப்பிட வேண்டும், அவ்வளவுதானே. எங்கே நின்று கூப்பிட்டால் என்ன?

"இங்க வேணாங்க. போன்ல பேசுங்க" என்றாள் புவனேஸ்வரி.

அவர் கதவில் கையை வைத்தார். வாய்க்குப் பழகியிருந்த வார்த்தைகளே வந்தன.

"எம் மக தமிழ்மதி, வா தாயி. அப்பா கூப்பிடுறேன். வீட்டுக்கு வா."

மூன்று தடவை கூப்பிட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நீளமாக மூச்சை விட்டார்கள்.

எள் வாசம் மறைந்தது. மல்லிகை திரும்பி வந்தது. மன்சூரின் போன் திரையில் மதியின் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. அதே நேரம் புவனேஸ்வரி கையிலிருந்த போனில் ஞானராஜ் அழுவதும் சிரிப்பதுமாகக் கத்தினான். எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். கண்ணைத் திறந்து, பசிக்கிறது, சோறு போடு என்கிறாளாம்.

புவனேஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள். சோலைமலை சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே யாருமில்லை. மேசை மேல் போன் கிடந்தது. சார்ஜ் இல்லாமல் செத்துப்போன போன். தரையில் ஒரு வருடத்துத் தூசி கலையாமல் படிந்திருந்தது. அதில் ஒரு காலடி இல்லை. நடுவில் ஒரு வாழை இலை மட்டும் விரித்துக் கிடந்தது. இப்போதுதான் அறுத்ததுபோல் பச்சையாக இருந்தது.

டீசர்ட் எங்கேயும் இல்லை.

வந்தவர்கள் மழை விடும்வரைகூட நிற்கவில்லை. போகும்போது மன்சூர் மட்டும் அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, மகள் நலமானதைச் சொல்லுங்கள் என்றான். சோலைமலை அவன் தலையில் கைவைத்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் மறுவீடு வருகிறார்கள் என்று அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கூப்பிட்டுவிட்டோம் என்றான பிறகு ஒளித்துச் செய்வது அவர் வழக்கமில்லை. ஆற்றங்கரைக்கு வந்த அத்தனை சொந்தமும் கூடத்துக்கு வர வேண்டும் என்றார். படத்திலிருந்த சந்தன மாலையைத் தன் கையாலேயே கழற்றினார். மூலை அறையைக் கழுவிவிட்டு, பூட்டை ஆணியில் மாட்டினார். பெரிய வீட்டுக்காரருக்கு மனசும் பெரிசுதான் என்று ஊரில் பேசிக்கொண்டது அவர் காதுக்கு வந்தது.

தமிழ்மதி பட்டுச்சேலையில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள், ஆனால் முகத்தில் தெளிச்சி இருந்தது. ஆரத்தி எடுத்தார்கள். குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. மழைக்காலம்தானே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பந்தி போட்டார்கள். அவளை நடுவில் உட்காரவைத்து, புவனேஸ்வரி முதலில் இலை ஓரத்தில் உப்பை வைத்தாள். உப்பு என்றால் அவளுக்கு உயிர். கொய்யாக்காய், மாங்காய், வெறும் மோர் எதுவானாலும் இரண்டு தடவை உப்புக் கேட்பாள். பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டு உப்பு ஆகாது என்று சின்ன வயதில் அவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார்.

தமிழ்மதி ஒரு விரலால் அந்த உப்பை இலையை விட்டு வெளியே தள்ளினாள்.

"உப்பு வேணாம்மா. வெஞ்சனமும் வேணாம். வெறுஞ்சோறு வைங்க, போதும்."

"ஒரு வாரமா இப்படித்தான் அத்தை" என்று சிரித்தான் ஞானராஜ். "எந்திரிச்ச அன்னிக்குப் பிடிச்ச பிடி. சமையல்ல கல்லு உப்பு விழுந்தாக்கூடத் தட்டைத் தள்ளிடுறா."

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். சோலைமலை சிரிக்கவில்லை.

மகளின் பெட்டியை உள்ளே வைக்கப்போன புவனேஸ்வரி கூடத்து வாசலில் வந்து நின்றாள். முந்தானைக்குள் எதையோ சுருட்டிப் பிடித்திருந்தாள். கணவனுக்கு மட்டும் தெரியும்படி அதை விலக்கிக் காட்டினாள்.

கறுப்பு டீசர்ட். முதுகில் 'மதி'.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மன்சூர்.

"ஐயா, உங்க மக இப்ப எங்க இருக்காங்க?" என்றான். "மதி பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது ஐயா. பழைய மதி மாதிரியே பேசுறா. என்னை ஏசுறா, அழுவுறா. ஒரே இருட்டா இருக்காம். குளிருதாம். அய்யாகிட்டச் சொல்லி கதவைத் திறக்கச் சொல்லுங்கங்கிறா. ஒரு துளி உப்புப் போட்டுச் சோறு குடுக்கச் சொல்லுங்கங்கிறா. இருங்க, அவ குரலைப் போடுறேன்."

சோலைமலை போனைக் காதோடு வைத்தபடி மூலை அறைக்கு நடந்தார். காற்றில் சாத்திக்கொண்டுவிட்ட கதவைத் தள்ளித் திறந்தார். கழுவிய தரை. காலி மேசை. யாருமில்லை.

ஆனால் யாரோ அழுதார்கள். முதலில் அறைக்குள். பிறகு போனில்.

ஆற்றங்கரையில் சோற்றை எடுத்துக்கொண்டது எதுவோ, அது இப்போது தன் வீட்டுப் பந்தியில் சொந்தபந்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. அதைக் கூப்பிட்டுக் கொண்டுவந்தது தன் வாய். தன் மகள் இருட்டுக்குள் நின்று அய்யா அய்யா என்கிறாள். அவளைத் திருப்பிக் கூப்பிட அவரிடம் இருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

"தமிழ்மதி" என்று மெல்லக் கூப்பிட்டார். "வா தாயி."

பின்னால் கூடத்தில் பேச்சு நின்றது. இலையை மடிக்கும் சத்தம் கேட்டது. பட்டுச்சேலை சரசரத்துக்கொண்டே நெருங்கியது. எள் வாசம் அடித்தது.

ஈரமான ஒரு கை அவர் தோளில் வந்து அமர்ந்தது.

"கூப்பிட்டீங்களாப்பா? இந்தா, வந்துட்டேன்."

சோலைமலை திரும்பவில்லை. திரும்பினால் சொந்தபந்தம் அத்தனையும் அவர் முகத்தைப் பார்க்கும். அந்தக் கை அவரைத் தாண்டி நீண்டு, கதவை இழுத்துச் சாத்தியது. ஆணியில் மாட்டியிருந்த பூட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.

கதவுக்குப் பின்னால் விசும்பல் ஒன்று எழுந்தது.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, போனில் அதே விசும்பல் கேட்டது.